மோப்ப அண்ணனின் புது லாரி

கிளம்புவதற்கு முன் அண்ணன் வண்டியைச் சுற்றி மூன்றாவது தடவையாக வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் குனிந்து மூக்கை வைத்தார். ஹைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். “அதாங்க பயமே. டீசல் ஒழுகினா ஊருக்கே தெரியும். இது சொல்லாம கொள்ளாம போயிடும்” என்றார். பணிமனையில் அவருக்கு ‘மோப்ப அண்ணன்’ என்றே பெயர்.

இருபத்தாறு வருடம் டீசல் லாரி ஓட்டியவர். இந்த ஹைட்ரஜன் லாரியின் சோதனை ஓட்டத்துக்கு ஆள் கேட்டபோது, முதுகுவலிக்கு அதிராத வண்டி தேவலை என்று கையைத் தூக்கிவிட்டார். தொட்டியில் நிரப்புவது ஹைட்ரஜனைச் சுமந்து வரும் ஓர் எண்ணெய். கேபினுக்குப் பின்னாலுள்ள கலன் அதைச் சூடாக்கும். பிரிந்து வரும் வாயு மின்சாரமாகிச் சக்கரத்தைச் சுழற்றும். மிஞ்சும் வெறும் எண்ணெயைத் திரும்பி வந்ததும் உறிஞ்சி எடுத்து, மறுபடி ஹைட்ரஜன் ஏற்றுவார்கள். “எண்ணெய்க்குள்ள இருக்கறவரைக்கும் அது சாது. வெளிய வந்துட்டா நம்ம பேச்சைக் கேக்காது.”

போன மாதம், முப்பது டன் சிமெண்ட்டோடு மலையேறும்போது கசிவு விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, அவசரப் பொத்தானை அழுத்திவிட்டுக் குதித்து ஓடினார். தன் உயிருக்காகத்தான் ஓடினார். நூறடி தாண்டிய பிறகே பின்னால் வரும் வண்டிகளின் நினைப்பு வந்தது. சட்டையைக் கழற்றி வீசி எல்லாரையும் மறித்தார். “பைத்தியமாய்யா நீ?” என்று ஒரு கார்க்காரர் சிகரெட்டும் கையுமாக இறங்கினார். “ஆமாங்க, அதை மட்டும் அணைச்சிடுங்க” என்று கும்பிட்டாராம்.

ஓர் இணைப்பில் மயிரிழை விரிசல். நிஜமாகவே கசிந்திருந்தது. பொறியாளர் கைகுலுக்கினார். மனைவி ஒரு வார்த்தைகூடப் பாராட்டவில்லை. “பழைய வண்டிக்கே போயிடுங்க” என்று அன்றைக்குத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை.

இவர் போகவில்லை. “நான் இறங்கிட்டா வேற ஒருத்தனை ஏத்துவாங்க. அவன் விளக்கைப் பாப்பானோ, ஃபோனைப் பாப்பானோ!”

இணைப்பை மாற்றிய பின் அதே மலைக்கு இன்றுதான் முதல் நடை. பக்கத்து இருக்கையில், பணிமனையிலிருந்து துணைக்கு வந்த நான். மகள் நீச்சல் கற்றுக்கொண்ட கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏற்றம் தொடங்கியது. கதை பாதியில் நின்றது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் பொத்தானைத் துழாவி, என் கதவின் பூட்டை விடுவித்தார்.