அவர் ‘நீங்க’ என்று கூப்பிட்ட காலம்

பஸ் நிலையத்தில் அவளுக்கு ‘மைக் அக்கா’ என்று பெயர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை காணோம், யார் வீட்டுக் குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வாள். பிரேக் பிடிக்காமல் ஒரு வண்டி சுவரில் போய் மோதிய அன்றைக்கும், "பயணிகள் பதற வேண்டாம்" என்று கல்யாண வீட்டில் வரவேற்பதுபோல் சொன்னாளாம். டிரைவர்கள் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் குரலை அவள் வீட்டில்தான் பழகியிருந்தாள். அங்கே குரல் கொஞ்சம் நடுங்கினால் அடி கூடுதலாக விழும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். தொழிலில் கெட்டிக்காரர், வெளியே தங்கமான மனிதர் என்று பேர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த மனிதரையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். ஏன் என்று கேட்டால் கை பறக்கும். ஒருமுறை அவளுடைய மணிக்கட்டு உடைந்து கோணலாகச் சேர்ந்தது. மகள் சுண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அப்பா படியேறும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவாள்.

ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்தவர் கால் இடறிக் குழிக்குள் விழுந்தார். உடைந்த விலா எலும்பு கூடிவிட்டது. தலையில் பட்ட அடிதான் ஆளையே மாற்றிவிட்டது. கண் விழித்தபோது தொழில் நினைவிருந்தது, அண்ணனைத் தெரிந்தது. கல்யாணமும் அதற்குப் பிந்தையதும் துடைத்துவிட்டதுபோல் போயிருந்தன. ஞாபகம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"நீங்க யாருங்க?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவளைக் கேட்டார்.

"உங்க மனைவி."

அவர் அவசரமாகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குத் தெரியல. உங்க கையில என்னங்க, இப்படி வளைஞ்சிருக்கு?"

"குளிக்கிற இடத்துல வழுக்கிட்டேன்."

"அடடா." அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. "நான் எப்படிப்பட்ட ஆளுங்க?"

ஒரு நொடி யோசித்தாளா என்றுகூட அவளுக்கு ஞாபகமில்லை. வண்டி வருகிறது என்று அறிவிக்கும் அதே குரலில் சொன்னாள்: "ரொம்ப சாதுங்க. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. எங்க மேல ஒரு நாளும் கை நீட்டினதில்ல."

பக்கத்தில் நின்ற அவருடைய அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும், "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்மா. நாங்க யாரும் வாயைத் திறக்க மாட்டோம்" என்றார்.

அவள் சொன்ன ஆளாகவே அவர் வீட்டுக்கு வந்தார். தன் கட்டிலில் உட்காரவே அனுமதி கேட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் பதறிப்போய் அவரே துடைத்தார். எதற்கெடுத்தாலும் ‘நீங்க’தான்: "நீங்க சாப்பிட்டீங்களா? நீங்க களைச்சிருக்கீங்க, உக்காருங்க." மேல்வீட்டம்மா மாடியில் துணி காயப்போடும்போது இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுக்காரரையும் ஒரு லிஃப்ட் பக்கம் கூட்டிட்டுப் போகலாமான்னு பாக்கிறேன்" என்றாள். மைக் அக்கா சிரித்தாள். சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அப்புறம்தான் நினைத்தாள்.

முதலில் கதவோரமாகவே நின்ற சுண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினாள். மைக் அக்காவுக்கோ, புருஷனுக்குத் தெரியாமல் வேறொருவரோடு குடித்தனம் நடத்துவதுபோல் ஒரு கூச்சம். அந்தப் புருஷன் எந்த நிமிஷமும் திரும்பி வரலாம். தினமும் காலையில் அவர் கண் திறக்கும்போது, விழித்தது யார் என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

மழை விட்ட ஒரு காலையில், அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏய், துண்டை எடுத்துட்டு வாடி."

சுண்டுவின் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் விழும் சத்தமும் நின்றது. கொஞ்சம் கழித்து மெல்லிய குரல்: "துண்டு கொஞ்சம் எடுத்துக் குடுக்கிறீங்களா?"

எடுத்துக் கொடுத்தாள். கதவிடுக்கில் நீண்ட கை அதை வாங்கிக்கொண்டது. அன்று வேலையில், வராத வண்டி ஒன்றை வந்துவிட்டதாக அறிவித்தாள். அப்படி ஒரு தவறு அவளுக்கு அதுவரை நேர்ந்ததேயில்லை.

அதற்குப் பிறகு அவருடைய மரியாதை கூடியது, தேவைக்குமேல் கூடியது. அவளும் கண்டுகொள்ளாததுபோல் பதிலுக்கு மரியாதை காட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் நாடகக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருக்க, நடுவில் சுண்டு ஒருவர் முகத்தை விட்டு மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சுத்தியலும் ஸ்பேனரும் இருந்த அவருடைய கருவிப் பெட்டியை அவள் மேல்வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அது எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

தாங்க முடியாமல் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "எப்ப ஞாபகம் வந்துச்சு?"

அவர் மறுக்கவில்லை. "துண்டு கேட்டேனே, அதுக்கும் முன்னாலேயே. கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. உன் கை முதல்ல வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ சொன்னியே ஒரு ஆளு, சாதுன்னு. அவனை எனக்கே பிடிச்சுப் போச்சு. அவனாவே இருந்துடலாம்னு பாத்தேன்."

அந்த வார்த்தையில் அவள் மனம் இளகிவிட்டது. மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தொடக்கூடப் போனாள். அப்போது அவர் சரிந்து உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இதான் கடைசி. பிள்ளை மேல சத்தியமா சொல்றேன், இனிமே உன்மேல கை வெச்சா இந்தக் கை அழுகிப் போகட்டும்."

அவள் காலை இழுத்துக்கொண்டாள். அந்தச் சொற்கள் அப்படியே அவளுக்குத் தெரியும். ‘அழுகி’ என்கிற இடத்தில் குரல் உடைவதும், பிறகு மூக்கை உறிஞ்சுவதும் தெரியும். தட்டு பறந்த ஒவ்வொரு இரவுக்கும் மறுநாள் காலையில் இதே அழுகைதான். ஆஸ்பத்திரியில் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட அந்தக் கூச்சக்காரர் இப்படி ஒருநாளும் அழுததில்லை. இவரைத்தான் அவள் கல்யாணம் கட்டியிருந்தாள்.

"நாங்க கிளம்புறோம்" என்றாள்.

அவர் எழுந்தார். கதவை மறித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கண்ணீர் காயவில்லை. தாடை மட்டும் பழையபடி இறுகியது. சுண்டு புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். அழவில்லை. பழக்கப்பட்ட பிள்ளை. அவர் பார்வை மகளிடமிருந்து தன் கைக்குப் போனது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் இப்போது அம்மாவும் மகளும் இருக்கிறார்கள். ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அவர் வேலைக்குப் போகிறார். யாரிடமும் குரலை உயர்த்துவதில்லையாம். அவருடைய அண்ணி வந்து, "அவரு நெஜமாவே வேற ஆளுதான். நீ பாத்தது வெறும் நடிப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். மைக் அக்காவுக்கு அது நிஜமாகவே தெரியாது. அவர் அன்றைக்கு விலகி நின்றதும் பொய்யில்லை, அந்தத் தாடை இறுகியதும் பொய்யில்லை.

அண்ணி போன பிறகு, ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்த சுண்டு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குத் திரும்ப எல்லாம் மறந்துபோச்சுன்னா, நாம வீட்டுக்குப் போயிடலாமா?"

அவள் மகளின் தலைமுடியை வாரிவிடத் தொடங்கினாள். சிக்கு அதிகமாக இருந்தது. மெதுவாக எடுத்தாள்.