சன்னல் ஒன்று, ஆட்கள் ஒன்பது

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு மூத்த மகளின் வணக்கம். "அப்பாவச் சாந்தமானவருன்னு எழுதும்மா" என்றார் சித்தப்பா. எழுத மாட்டேன். அப்பாவிடம் அடியோ ஏச்சோ வாங்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர்கூடத் தேற மாட்டீர்கள்.

அப்பா பிறந்தது சிலமலையில். போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில், ஓய்வு பெறும்வரை எழுத்தராக இருந்தார். அந்தத் தோட்டத்தை வேண்டுமென்றேதான் தேடிப் போனார். அவருடைய தாத்தா, எங்கள் பூட்டனார், செத்த இடம் அது.

பெற்ற தாய் இறந்ததற்குச் சிலமலைக்கு இறங்கிப் போன பூட்டனார் இரண்டு நாள் பிந்தி மலையேறியிருக்கிறார். வெள்ளைக்கார துரை, கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் வைத்தே அவரைத் தடியால் அடித்திருக்கிறான். விழுந்த பிறகும் பூட்ஸ் காலால் தலையில் மிதித்திருக்கிறான். மண்டை உடைந்து உயிர் போனதை ஆறு வயதில் நின்று பார்த்தவர் எங்கள் தாத்தா. ஆனால் தோட்டத்துப் பழைய பதிவேட்டில் அப்பா தேடிப் பிடித்த வரி, "காய்ச்சலில் சாவு" என்று சொன்னது. அன்று ஆபீஸ் அலமாரிக் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். அவர் கைத் தழும்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

துரையின் பெயரும் ஊரும் அதே பதிவேட்டில் இருந்தன. ஊர் ஸ்காட்லாந்தில். ஓய்வுக்குப் பிறகு, விக்டோரியா ராணி காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை என் கம்ப்யூட்டரில் வீடு வீடாகப் புரட்டினார். கொல்லர் வீடு, தையல்காரி வீடு, ரொட்டி சுடுகிறவர் வீடு என்று ஊரையே அலசினார். "அவன் சாதிசனம் இப்ப எங்க இருக்குன்னு தெரியணும். கழுத்தப் புடிச்சுக் கேக்கணும்" என்பார். இடையில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் தட்டு பறக்கும்.

ஒரு நாள் துரை அகப்பட்டான். அந்தத் தாளில் அவனுக்கு எட்டு வயது. தொழில் என்ற கட்டத்தில் 'ஸ்காலர்' என்றிருந்தது. "எட்டு வயசுல பண்டிதனாம்ல. அங்கயும் பொய்க்கணக்குதான்" என்று அப்பா குதித்தார். அந்த ஊர் நூலகத்துக்குக் காரசாரமாக மின்னஞ்சல் அனுப்பினார். அங்கிருந்த பெண்மணி பொறுமையாகப் பதில் எழுதினார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்களாம். மற்ற கட்டங்களையும் விளக்கியிருந்தார். தகப்பன் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிறவர். வீட்டில் ஒன்பது பேர். சன்னல் உள்ள அறை ஒன்று.

"சன்னலக்கூடவா எண்ணிருக்காக?"

"ஆமாப்பா."

"நம்ம லயத்துல ஒண்ணுகூடக் கிடையாது."

சொல்லிவிட்டு மேசையில் ஓங்கி அறைந்தார். கண்ணாடி டம்ளர் நொறுங்கி உள்ளங்கையில் ஏறியது. "பெரிய வீட்டுப் பிள்ளையா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் ஆத்தா. அவன் அப்பனும் நம்மளப் போல மண்ணத் தோண்டிப் பொழச்சவன். கூலிக்காரன் மகன் கூலிக்காரன மிதிச்சுக் கொன்னுருக்கான்." ரத்தம் சொட்டச் சொட்ட அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதன்பிறகு துரையின் வாரிசுகளை அவர் தேடவில்லை. மன்னித்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். துரையின் பெயரைக் கேட்டால் கடைசிவரை பல்லைக் கடித்தார். போடி ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தபோது என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்தார். "அவன் வீட்டுக்கு ஒரு தாளு இருக்கு. நம்ம வீட்டுக்கு நீ எழுது. காய்ச்சல்னு எழுதிராத."

ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உடனிருந்த சித்தப்பாவுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த ராசிங்காபுரத்து மாமன்மார்களுக்கும், முன்பின் தெரியாத எங்களுக்குப் பதில் எழுதிய அந்த நூலகப் பெண்மணிக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பூட்டனார் வீட்டுக்காக அப்பா கேட்ட தாள் இது:

பெயர்: வீரணன்.
உறவு: குடும்பத் தலைவர்.
தொழில்: தோட்டக் கூலி.
வீட்டில் ஆட்கள்: ஐந்து.
சன்னல்: இல்லை.
சாவு: அடித்துக் கொல்லப்பட்டார்.