எனக்கு இல்லாத முட்டி வலி

மூன்று வருடம் எனக்கு முட்டி வலி இருந்தது. அப்படித்தான் ஊர் முழுக்க நம்பியது. உண்மையில் என் முட்டிக்கு ஒரு குறையும் கிடையாது. லிஃப்ட் பழுதாகும் நாட்களில் இரண்டு கையிலும் பையோடு மூன்று மாடி ஏறி வேலைக்குப் போகிறவள் நான். வலி என் வீட்டுக்காரருக்கு. அதை அவர் வாயால் சொல்ல வைப்பதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

அவர் டைல்ஸ் மேஸ்திரி. இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டி போட்டே பிழைப்பு. ஒவ்வொரு கல்லையும் ஒட்டியதும் ரப்பர் சுத்தியலால் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். அடியில் காலியாக இருப்பது போல ஓசை வந்தால் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். என் தங்கை புது வீட்டுக்குக் கூப்பிட்டாள் என்று போனோம். "நல்லா இருக்கியாம்மா"வுக்கு முன்னால் "வாசல்ல ரெண்டு கல்லு இறங்கியிருக்கே" என்றார். அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முட்டிக்குக் கட்டிக்கொள்ளும் உறை மூன்று ஜோடி வாங்கித் தந்தேன். ஒன்று வழுக்குகிறதாம், ஒன்று வியர்க்கிறதாம். மூன்றாவதை ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டக்கொடுத்திருக்கிறார். காலையில் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குவார், பீரோவைத் தூக்கி இறக்குகிற ஆள் மாதிரி. ஏன் என்று கேட்டால், "படி உயரம் ஒண்ணா இல்ல, கட்டினவன் சரியில்ல" என்பார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. நானோ பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். கன்னம் பன்னாக வீங்கி வந்து "லேசாத்தான் வலிக்குது" என்று சொல்கிறவர்களைத் தினமும் பத்துப் பேர் பார்க்கிறேன். என்னிடமே கதை விட்டால் எப்படி?

அவருக்கு வேலையை விட்டால் ஒரே பைத்தியம், எங்கள் ஊர் கால்பந்து அணி. எனக்கும்தான், மறைப்பானேன். ஜெயிப்பதை விடத் தோற்பதில் பழக்கமுள்ள அணி. சொந்த மைதானத்தில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். வெளியூர் ஆட்டம் என்றால் சட்டமே வேறு. வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய மூலையிலும் நாற்காலி உண்டு, எண் உண்டு, ஆனால் யாரும் உட்கார மாட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், அவர் எழுவார், அவருக்குப் பின்னால் இருப்பவர் எழுவார். இரண்டு நிமிடத்தில் கடைசி வரிசைவரை நின்றுவிடும். மஞ்சள் சட்டை போட்ட பாதுகாப்பு ஆட்கள் "உக்காருங்க, உக்காருங்க" என்று தொண்டை வற்றக் கத்துவார்கள். யார் கேட்டது?

எனக்கு அது சொர்க்கம். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து "அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வாங்க" என்று மெதுவாகப் பேசுகிறவளுக்கு, இரண்டு மணி நேரம் நின்று தொண்டை கிழியக் கத்துவதை விட வேறென்ன வேண்டும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெளியூர் ஆட்டம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், அவர் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "என்னங்க?" என்றேன். "வேர்க்குது" என்றார். திரும்பும்போது பேருந்துப் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஷூ கயிறு கட்டுவது போல் குனிந்து, எல்லோரும் ஏறும்வரை காத்திருந்து, கம்பியைப் பிடித்துக் கையாலேயே தன்னை மேலே இழுத்துக்கொண்டார்.

எங்கள் ரசிகர் மன்றத்தில், நிற்க முடியாதவர்களுக்கென்று முதல் வரிசையில் எட்டு இருக்கை எடுத்து வைப்பார்கள். முன்னால் யாரும் இல்லாததால் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம்.

"முதல் வரிசை கேப்போங்க."

"அது கிழடு கட்டைக்கு. நான் என்ன கிழடா?"

"அப்போ இனிமே டிவியில பாப்போம்."

"சரி, போகல. விடு."

சட்டென்று அப்படிச் சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது. கல்யாணமாகி ஒரு வெளியூர் ஆட்டத்தைக்கூட விடாத மனுஷன். இதையும் விட்டால் அப்புறம் தரை, சுவர், தரை, சுவர்தான். அடுத்த இரண்டு ஆட்டத்துக்கும் போகவில்லை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். இழவு வீட்டில் இருப்பது போல் இருந்தது.

அப்போதுதான் நான் மன்றச் செயலாளரைக் கூப்பிட்டு, எனக்கு முட்டி வலி, நிற்க முடியவில்லை, துணைக்கு வீட்டுக்காரரும் உட்கார வேண்டும், இரண்டு முதல் வரிசை வேண்டும் என்று சொன்னேன். செயலாளருக்கு விசில் என்று பட்டப்பெயர். ஆட்களை எண்ணுவதற்குக்கூட விசில் அடிப்பார். "ஐயோ பாவம்" என்று கொடுத்துவிட்டார். வீட்டில் வந்து சொன்னேன், "எனக்குத் துணைக்கு வாங்க, தனியா உக்கார ஒரு மாதிரி இருக்கு." அவர் என் முட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "சரி, உனக்காக வேணா வர்றேன்" என்றார். எனக்காகவாம்!

அன்றிலிருந்து பட்டேன் பாருங்கள். பேருந்தில் ஏறினால் இருவர் கையைப் பிடிப்பார்கள். தைலம் கொடுத்தவர்கள் பதினொரு பேர். அலமாரியில் ஒரு தட்டு முழுக்கத் தைலம். "உடம்பக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க அக்கா" என்று ஒருத்தி. கோல் விழும்போதெல்லாம் பின்னால் நானூறு பேர் குதிப்பார்கள், நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடக்கும்போது ஒரு காலைச் சாய்த்து நடக்க வேண்டும். எந்தக் கால் என்பது சில நாள் மறந்துபோகும்.

அதெல்லாம்கூடப் போகட்டும். இவர் பேசின பேச்சுத்தான் தாங்கவில்லை. "என்ன பண்றது, எனக்கு நின்னு பாக்கத்தான் ஆசை. வீட்டுக்காரிக்கு முடியல, விட்டுட்டு நிக்க முடியுமா?" என்று பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். எல்லோரும் "நல்ல மனுஷன்" என்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குப் பக்கத்திலிருக்கும் தண்ணீர் பாட்டிலால் தலையில் ஒன்று போடலாமா என்றிருக்கும். ஆனால் இடைவேளையில் அவர் மெதுவாகக் காலை நீட்டி, யாரும் பார்க்காதபோது முட்டியைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வேன்.

போன பருவத்தின் கடைசி ஆட்டம், அதுவும் வெளியூரில். ஜெயித்தால் இதே பிரிவில் இருப்போம், இல்லையென்றால் கீழ்ப்பிரிவு. மன்றமே கிளம்பியது. பேருந்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஏறினார், கையில் ஊன்றுகோல். இடுப்பில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம்தான் ஆகிறது. "முதல் வரிசை கேட்டேன், எட்டும் போயிடுச்சுன்னாங்க. பரவால்ல, சாஞ்சு நின்னுக்கறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த எட்டில் ஒன்று என்னுடையது. என் முட்டி கல்லு மாதிரி இருக்கிறது. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் வீட்டுக்காரர் குட்டும் உடையும். சொல்லவில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

எண்பத்தெட்டு நிமிடம் வரை கோல் இல்லை. அப்புறம் எங்கள் பையன் ஒருவன் பந்தைத் தலையால் தள்ளினான், அது கம்பத்தில் பட்டு, கோல்கீப்பரின் முதுகில் பட்டு, உள்ளே போனது. எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. மூன்று வருடத்துச் சத்தம் ஒன்றாக வந்தது. எழுந்தேன், நாற்காலி மேல் ஏறினேன், ஏறிக் குதித்தேன். சுற்றிச் சுற்றிக் குதித்தேன். கத்தி முடித்துக் கீழே பார்த்தபோது, விசில் இரண்டு படி தள்ளி நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும்வரை பொறுத்தார். ஜெயித்த சந்தோஷம் எல்லோர் முகத்திலும், என் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. விசில் நேரே வந்தார். பின்னால் ஊன்றுகோலோடு கண்ணாடிக் கடைக்காரர், முகமெல்லாம் வேர்வை.

"முட்டி நல்லாருக்கே அக்கா. மூணு வருஷமா நல்லாத்தான் இருந்துச்சா? இவர் ஒன்றரை மணி நேரம் சுவத்துல சாஞ்சு நின்னாரு. உங்களுக்கு முன்னாடி உக்காந்து பாக்க ஆசைன்னா நேராக் கேக்க வேண்டியதுதானே?"

சுற்றிலும் முப்பது பேர். தைலம் கொடுத்த பதினொரு பேரும் இருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அடுத்த பருவம் இவர் வர மாட்டார், சோபாதான்.

"அவள விடுங்க" என்று கீழேயிருந்து ஒரு குரல். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே பேண்டின் வலது காலைச் சுருட்டினார். அந்த முட்டியை ஒரு வருடமாக எனக்கே காட்டியதில்லை. குதிகால் போலத் தோல் தடித்து, ஒரு பக்கம் வீங்கி, பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"முட்டி என்னுது. அவளுக்கு ஒண்ணும் இல்ல. மூணு வருஷமா எனக்காகத்தான் உக்காந்திருக்கா. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

எனக்கு அழுகை வந்தது. அதை விட அதிகமாகக் கோபம் வந்தது.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். நீ வலது காலு, இடது காலு மாத்தி மாத்தி நொண்டின."

"தெரிஞ்சேதான் பஸ்ஸு பூரா வீட்டுக்காரிக்கு முடியலன்னு பீத்திக்கிட்டீங்களா?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிற. நான் கெடுக்கலாமா?"

திரும்பும் வழியெல்லாம் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தப் பருவத்தின் முதல் வெளியூர் ஆட்டத்துக்கு என் இருக்கையைக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அவரும் என் வீட்டுக்காரரும் முதல் வரிசையில். நான் பன்னிரண்டாவது வரிசையில், நின்றுகொண்டு. இதற்குத்தானே மூன்று வருடம் ஏங்கினேன்? நின்றால், முன்னால் பதினொரு வரிசை முதுகு. அவர் தலை தெரியவில்லை. தண்ணீர் குடித்தாரா, காலை நீட்டினாரா, வீம்புக்கு எழுந்து நிற்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, எக்கி, இரண்டு தோளுக்கு நடுவில் தேடிக்கொண்டிருந்தபோது எல்லோரும் குதித்தார்கள். கோலாம். நான் பார்க்கவில்லை.

இடைவேளையில் படியிறங்கிப் போனேன். கண்ணாடிக் கடைக்காரர் என்னைக் கண்டதும், "வாங்கம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கழுத்தும் போச்சு. ஆட்டத்தப் பாக்கவே இல்ல, திரும்பித் திரும்பி மேலதான் பாத்துக்கிட்டிருந்தாரு. கோலையும் விட்டுட்டாரு" என்றார். வாழ்க! இரண்டு பேரும் இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தது அந்தக் கோலை விடுவதற்குத்தான்.

எனக்கு மறுபடி மேலே ஏற மனசு வரவில்லை. என் வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பக்கத்தில், நடைபாதைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் பாதி தொடங்கியது. பின்னால் எல்லோரும் எழுந்தாயிற்று. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். இத்தனை வருடமாக உட்காருங்கள் உட்காருங்கள் என்றே கேட்ட காதுக்கு அவர் சொன்னது புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று.

"அம்மா, வழியில உக்காரக் கூடாது. எந்திரிங்க."

நான் எழுவதற்குள் பக்கத்தில் முனகல் கேட்டது. என் வீட்டுக்காரர் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, எழுந்துகொண்டிருந்தார். முழுதாக எழுந்துவிட்டார்.

"நீ இங்க உக்காரு. நான் நின்னுக்கறேன்."

"உக்காருங்க" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ உக்காரு."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு சத்தம். "யோவ், உக்காருய்யா!" என்று கத்தினேன். பின்னால் நாலு வரிசை திடுக்கிட்டு உட்கார்ந்தது. கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்தபடியே இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். மஞ்சள் சட்டைக்காரர்கூடக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாற்காலியைக் காட்டிக்கொண்டு, நின்றுகொண்டே இருந்தார்.