மரத்தூள் களம்

குற்றாலத்தில் புதுசாகக் கட்டியிருக்கும் லாட்ஜுக்குள் நுழைந்ததும், தச்சர் அறுத்த மரத்தூள் வாசம் மூக்கில் ஏறி எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேதான் எங்கள் கபடிக் களம் இருந்தது. செங்கோட்டை மர மில்லிலிருந்து சாக்குச் சாக்காய்த் தூள் வந்து இறங்கும்; சாரலில் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, ஆட்டத்தன்று காலையில் அம்மாவும் நானும் அதில் சிராய் பொறுக்குவோம், ஏனென்றால் அப்பா வெறுங்காலோடுதான் இறங்குவார்.

அப்பா கூலிக்கு ஆடியவர். வெளியூர் ஆளைச் சேர்க்கக் கூடாதென்பதால், கூப்பிடுகிற அணியின் ஊர்க்காரன் ஒருவன் பெயரில்தான் ஆடுவார். மைக்கில் அந்தப் பெயர்தான் அலறும், சர்டிபிகேட்டும் அந்தப் பெயருக்கே போகும். "ஒங்க பேர என்னைக்குப்பா சொல்லுவாங்க?" என்று கேட்டால், "ஏட்டி, ஆடுத காலு என்னுதுதான," என்று சிரிப்பார். அந்தக் கால் முட்டி இதே களத்தில் நொறுங்கி, சாகிறவரை நொண்டினார்.

அப்பா ஆடி, அப்படித் தன் பெயருக்குக் கிடைத்த சர்டிபிகேட்டைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போனவர்தான் இந்த லாட்ஜ் முதலாளி. சுவரில், முகமெல்லாம் மரத்தூளாய் அப்பா பாய்கிற பழைய படம். அடியில் முதலாளி பெயர்.

"அது நாந்தாம்மா," என்றார், மாடிப்படியில் விறுவிறுவென்று இறங்கிவந்து.

"அப்படியா அண்ணாச்சி? எங்க, கொஞ்சம் நொண்டி நடந்து காட்டுங்க பாப்போம்," என்றேன்.