சந்தனம் பூசிய சிடி

எங்கள் சேலையூர் வீட்டில் ஆயுத பூஜை வந்தால் அம்மாவின் கையில் சிக்கிய எதுவும் பொட்டில்லாமல் தப்பாது. மிக்ஸி, தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, அண்ணனின் பைக், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருடம் கம்ப்யூட்டருக்கும் ஆயிற்று. அதோடு விட்டிருக்கலாம். மேஜை மேல் கிடந்த என் லினக்ஸ் சிடியையும் எடுத்து, பளபளவென்று இருந்த பக்கமாகப் பார்த்து, நடுவில் தாராளமாகப் பூசிவிட்டாள்.

கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்தேன். மேடவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியின் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். அடுத்தது செய்முறை: அவர்கள் கண்ணெதிரே, விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸை சிடியிலிருந்து இன்ஸ்டால் செய்து காட்ட வேண்டும். புத்தகத்தில் படித்ததோடு சரி, ஒருமுறைகூடச் செய்ததில்லை. தேர்வோ விஜயதசமிக்கு மறுநாள். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆக, பழகிப் பார்க்க எனக்கு மிஞ்சியது ஒரே பகல்.

இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்கில் இருப்பது அழிந்துபோகலாம். கம்ப்யூட்டரோ அண்ணனுடையது. அவன் கல்யாணப் போட்டோ எல்லாம் அதில்தான். "ஃபார்மட் கீர்மட்னு ஏதாவது பண்ணே, தொலைச்சிடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தான். அதனால் விர்ச்சுவல் மெஷின் என்ற சாஃப்ட்வேரைப் போட்டிருந்தேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் அது பாவனை செய்யும். உள்ளே எதைக் கெடுத்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது.

விஜயதசமி காலை சிடியை நன்றாகத் துடைத்துத்தான் போட்டேன். டிரைவ் கரகரவென்று உறுமியது, நின்றது. அதற்குப் பிறகு எந்த சிடியைப் போட்டாலும் அதே உறுமல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவைத் திட்டவும் முடியவில்லை. எனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதானே பூசினாள். கோபம் மட்டும் பொத்துக்கொண்டு வந்தது.

தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திய தோழிக்குப் போன் போட்டேன். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? சிடி போனா போவுது. எங்கிட்ட இமேஜ் கீது, பென் டிரைவ்ல எடுத்துகினு வரேன்."

இமேஜ் என்பது ஒரு முழு சிடியை அப்படியே ஒரு ஃபைலாக்கி வைத்திருப்பது. அவள் வந்து காப்பி செய்து கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே இருந்த கம்ப்யூட்டரின் செட்டிங்கில், சிடி டிரைவ் என்ற இடத்தில் அந்த ஃபைலைக் காட்டினேன். நிஜமாகவே யாரோ சிடி போட்டுவிட்டதாக நம்பி, அந்த அப்பாவி புறப்பட்டுவிட்டது. சந்தோஷத்தில் கத்தினேன்.

கத்தலைக் கேட்டு வந்த அம்மா, திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஏய்! டிஸ்க்ல இருக்கறது எல்லாத்தையும் அழிச்சிடும்னு போட்டிருக்குடி! அண்ணன் கல்யாண போட்டோ!"

சொல்லும்போதே கை சுவிட்சுக்குப் போய்விட்டது. பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அது வேற டிஸ்க். உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குல்ல, அதோடது. அதுல ஒண்ணுமே கிடையாது."

"உள்ள ஒண்ணு இருக்கா?" என்று மானிட்டரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். போட்டோ ஆல்பத்தைத் திறந்து மாலையும் கழுத்துமாக அண்ணனைக் காட்டிய பிறகுதான் சுவிட்சை விட்டு நகர்ந்தாள்.

அன்று முழுக்க இன்ஸ்டால் செய்தேன், அழித்தேன், மறுபடி செய்தேன். மறுநாள் தேர்வில் என் கை தானாக ஓடியது. வேலை கிடைத்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். நான் சிடிகளை எல்லாம் முன்கூட்டியே பீரோவில் பூட்டியிருந்தேன்.

"அந்த உள்ள இருக்கறத ஆன் பண்ணு" என்றாள்.

பண்ணினேன். மானிட்டரின் மேல்விளிம்பில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு குனிந்து, திரைக் கண்ணாடியில் அந்த உள் கம்ப்யூட்டர் சின்னச் சதுரமாகத் தெரிந்த இடத்தின் நடுவில், அளவு பார்த்து இன்னொன்று வைத்தாள்.

"அது வெளிய இருக்கறதுக்கு. இது உனக்கு வேலை வாங்கிக் குடுத்ததுக்கு."