கை மேல் உட்காரும் கேப்டன்

படகு நின்றதும் வெர்லன் ஸ்டோவால் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். முதலில் வலது கை, பிறகு இடது. குளிருக்காக அப்படி உட்காருகிறார் என்று அவர் படகில் வரும் இரண்டு பள்ளிப் பெண்களும் முதல் வாரம் நினைத்தார்கள். வெயில் ஏறிய பிறகும் கைகள் வெளியே வராததைப் பார்த்து, மூட்டுவலி என்று முடிவு கட்டினார்கள். இரண்டும் இல்லை. எட்டும் தூரத்தில் ஒரு தூண்டில் கோல் கிடந்தால் அவருடைய கைகள் சொன்ன பேச்சு கேட்காது. அதுதான் விஷயம்.

பள்ளிக்கூட மீன்பிடிப் போட்டியின் விதி அப்படி. படகுக்கு இரண்டு மாணவர்கள். படகை ஓட்டப் பெரியவர் ஒருவர்; அவருக்குக் கேப்டன் என்று பெயர். கேப்டன் வாய் ஓயாமல் யோசனை சொல்லலாம், பிடித்த மீனைத் தொட்டுப் பார்க்கலாம். கோலைத் தொட்டுவிட்டால் அன்றைய மீன் மொத்தமும் கணக்கில் கிடையாது. "சர்க்கரை வியாதிக்காரன மிட்டாய்க் கடைக்குக் காவல் போட்ட மாதிரி" என்பார் வெர்லன். கென்டக்கி ஏரியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அந்த மனிதருக்கு அத்துப்படி. பதினாறு வயதுப் பெண் தப்பான இடத்தில் தூண்டிலை வீசுவதை அவர் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, அவள் சரியான இடத்தில் வீசுவது.

அவருக்கு அறுபது வயது. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தொப்பிக்குக் கீழே நெற்றி சிவந்தும், மேலே மாவு போல வெளுத்தும் இருக்கும். சட்டைப் பையில் மூன்று பொருட்கள்: கண்ணாடி, புதினா மிட்டாய், பழைய தகர டப்பா. யாராவது தூண்டில் வீசும்போது அவருடைய வலது கட்டைவிரல் தானாக அசைந்து, கையில் இல்லாத தூண்டில் நூல் சுற்றும் ரீலை அழுத்தி நிறுத்தும். தொலைக்காட்சி பார்க்கும்போதும் அசையும். "அந்த விரலுக்குத் தனியா ஒரு தட்டு வைக்கணும் போல" என்பாள் மனைவி லடோனா.

பள்ளியில் மீன்பிடிப்பு ஒரு விளையாட்டா என்று அவரிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டார். முதலில் உங்கள் கட்சி எது என்று பார்ப்பார். காலையில் பெட்ரோல் பங்கின் சாப்பாட்டு மேஜையில், பிஸ்கட் ரொட்டியும் கிரேவியுமாகக் கூடும் கிழவர்களில் ஒருவர், "ஓடுறதில்ல, வேர்க்கிறதில்ல, இதுல என்னய்யா விளையாட்டு?" என்றால் வெர்லன் பாய்ந்து வருவார். "உன் பேரன் ஃபுட்பால் ஆடி முட்டிய ஒடச்சிக்கிட்டான். இங்க யாருக்கு ஒடைஞ்சுச்சு? பொண்ணுங்களும் பையன்களும் ஒரே போட்டியில நிக்கிற விளையாட்டு வேற எது, சொல்லு. என் பஸ்ஸுல வருஷம் பூரா ஜன்னலப் பாத்துக்கிட்டு வாய் தொறக்காம வந்த புள்ளைங்கல்லாம் இப்ப கூட்டமா ஏறுதுங்க." அதே மேஜைக்கு மீன்பிடி அணியின் பயிற்சியாளர், பூகோள வாத்தியார், வந்து "ஆமா வெர்லன், அருமையான விளையாட்டு" என்று சொன்னால் போதும். வெர்லன் அப்படியே திரும்பிக்கொள்வார். "எது அருமை? அப்பன் படகு ஜெயிக்குது, புள்ளைக்குப் பேரு. என் வீட்ட வித்தாலும் அந்த மாதிரிப் படகு வராது. தண்ணிக்கு அடியில மீன் நிக்கிறத திரையில பாத்துட்டு வீசுறது மீன்பிடியா, டிவியா? நாள் பூரா தொட்டியில அடைச்சி வச்சிட்டு, சாயங்காலம் ஏரியில விட்டு, 'பத்திரமா போயிட்டு வா'ன்னு கை காட்டுறாங்க. அந்த மீன்கிட்ட கேட்டீங்களா?"

"உனக்குன்னு ஒரு கட்சியும் கிடையாது. எவன் சந்தோஷமா இருந்தாலும் நீ எதிர்க்கட்சி" என்று லடோனா ஒருமுறை சொன்னாள்.

பொறாமைதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. 1981இல் இதே பள்ளியில், மதியம் நடக்கவிருந்த வரலாற்றுத் தேர்வுக்கு முன்னால், காலை வகுப்புகளுக்கு மட்டம் போட்டுவிட்டு ஏரிக்குப் போனார். பிடித்த பாஸ் மீனைப் பார்த்ததும் தேர்வே மறந்துபோனது. பிறகு நினைவு வந்து, மீனை ஈரச் சாக்கில் சுற்றி வண்டிக்குப் பின்னால் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வாசலிலேயே தலைமை ஆசிரியர் நின்றிருந்தார். பலகையால் மூன்று அடி, மூன்று நாள் நீக்கம். மீன் பள்ளிச் சமையலறையின் குப்பைத் தொட்டிக்குப் போனது. இன்றைக்கு அதே வாசலுக்கு எதிரே கண்ணாடி அலமாரியில், வண்ணம் பூசிய பிளாஸ்டிக் பாஸ் மீன் ஒன்று வாயைப் பிளந்தபடி கோப்பைகளுக்கு நடுவே நிற்கிறது. அடியில் மாணவர் பெயர்கள். பேருந்துத் தாள்களைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போவார். பார்த்துவிட்டுத்தான் வருவார்.

டெலேனி ரிகின்ஸும் மேசியும் அணியில் சேர்ந்தபோது அவர்களுக்குப் படகு இல்லை. படகு இல்லாத பிள்ளைக்கு இந்த விளையாட்டில் இடமே இல்லை. அந்த ஒரு குறையை மட்டும் வாத்தியாரும் ஒப்புக்கொள்வார். வெர்லனிடம் பழைய அலுமினியப் படகு இருந்தது. வாத்தியார் கேட்டார், வெர்லன் மாட்டேன் என்றார், லடோனா சரி என்றாள். அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து அவருடைய வயிற்றெரிச்சலுக்கு ஒரு முகம் கிடைத்தது. டெலேனி அவருடைய பேருந்தில்தான் வருகிறாள், ஏழாவது நிறுத்தம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளுக்கு, விளையாட்டில் பேர் வாங்கியவர்களுக்குப் பள்ளி கொடுக்கும் மரியாதை ஜாக்கெட் கிடைத்தது. கரும்பச்சைக் கம்பளி, வெள்ளைத் தோல் கை, நெஞ்சில் பள்ளியின் முதல் எழுத்து, அந்த எழுத்தின் மேல் குத்திய சின்னப் பித்தளை மீன். ஃபுட்பால் பையன்களுக்குப் பித்தளைப் பந்து, இவளுக்கு மீன். வெர்லன் கண்ணாடியில் பின் இருக்கைகளைப் பார்ப்பது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. டிசம்பருக்குப் பிறகு அந்தப் பித்தளை மீனுக்காகவும்.

ஏப்ரலில் மண்டலப் போட்டி வந்தது. படகுக்கு ஐந்து மீன், கூட்டு எடை. முதல் நான்கு படகுகள் மாநிலப் போட்டிக்குப் போகும். மீன் உயிரோடு இருக்க வேண்டும். செத்த மீன் தராசில் ஏறாது. பத்து மணிக்குள் பெண்கள் நான்கு சுமாரான மீன்களைப் பிடித்திருந்தார்கள். பதினொன்றுக்கு, இருபத்தைந்து அடி ஆழத்திலிருந்து டெலேனி ஒன்றை இழுத்தாள். கோல் வளைந்ததைப் பார்த்தே வெர்லனுக்குப் புரிந்துவிட்டது. கைகளை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார். மேசி வலையில் வாங்கினாள். ஆறு பவுண்டுக்குக் குறையாது. அழகான, தடித்த, பச்சை முதுகு.

"மிஸ்டர் வெர்லன், பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். தொட்டியில போடு" என்றார். வாயில் இருந்த புதினா மிட்டாய் கசந்தது.

பெண்கள் இருவரும் படகின் முனைக்குப் போய் மறுபடி வீச ஆரம்பித்தார்கள். மீன் தொட்டியின் மூடி வெர்லனின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. சற்று நேரம் கழித்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். நான்கு மீன்கள் நேராக நின்றன. பெரியது மல்லாந்து கிடந்தது, வெள்ளை வயிறு மேலே. ஆழத்திலிருந்து சட்டென்று ஏறி வந்த மீனுக்கு உள்ளே காற்றுப் பை வீங்கிவிடும். நேராக்காவிட்டால் சாயங்காலம் வரை தாங்காது. ஊசியால் காற்றை இறக்க வேண்டும். அவருடைய தகர டப்பாவில் மாட்டுக்குப் போடும் ஊசி ஒன்று எப்போதும் உண்டு. அந்த வேலை அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

வெர்லன் மூடியைச் சாத்தினார். கைகள் மேல் உட்கார்ந்துகொண்டார்.

எந்தத் தப்பும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கேப்டன் யோசனை சொல்லலாம் என்றுதான் விதி, சொல்லியே ஆகவேண்டும் என்று இல்லை. இந்த மீன் இல்லாவிட்டால் அவர்கள் மாநிலப் போட்டிக்குப் போக முடியாது. போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? ஜாக்கெட்தான் இருக்கிறதே. இரண்டு நிமிடம், நான்கு நிமிடம், ஆறு நிமிடம். பேருந்து ஓட்டுகிறவருக்குக் கடிகாரம் தேவையில்லை.

டெலேனி திரும்பாமலே கேட்டாள். "நீங்களும் ஸ்கூல்ல டீம்ல இருந்தீங்களா?"

"அப்ப ஏது டீம். கட் அடிச்சிட்டுப் போவேன். ஒரு தடவ மாட்டுனேன்."

"அடி விழுந்துச்சா?"

"மூணு. நல்லா பழுத்துச்சு. மீனையும் குப்பையில போட்டுட்டாரு."

"பெரிய மீனா?"

"இதவிடப் பெருசு."

"எத்தன பவுண்டு?"

"எடை போடல."

அவள் தூண்டிலை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அடி வாங்கியதைக் கேட்டபோது அசையாத முகம் இப்போது கோபத்தில் சிவந்திருந்தது. "எடை போடாமயா குப்பையில போட்டாரு? என்ன மனுஷன் அந்த ஆளு?"

நாற்பத்து நான்கு வருடத்தில் அந்தக் கதையை வெர்லன் பலரிடம் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அடியைப் பற்றித்தான் கேட்டார்கள், சிரித்தார்கள். லடோனாகூட அப்படித்தான். எடையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. தொட்டியின் மூடியைப் பார்த்தார். இன்னொரு மீன் எடை போடாமல் போகப்போகிறது, இந்த முறை தலைமை ஆசிரியர் வேலையைப் பார்ப்பது தான்தான் என்று அவருக்கு உறைத்தது. வெட்கம் காதுவரை சுட்டது.

கைகளை உருவினார். மரத்துப்போயிருந்தன.

"இங்க வா பொண்ணே. உன் மீன் கவுந்து கெடக்கு. மேசி, நீயும் வா, பாத்துக்க."

டெலேனி மீனைத் தண்ணீருக்குள்ளேயே ஒருக்களித்துப் பிடித்தாள். வெர்லன் டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தார். முதுகுத் துடுப்பில் உள்ள இடைவெளிக்கு நேர் கீழே, பக்கக் கோட்டைத் தாண்டி, செதிலுக்கு அடியில் மெல்ல நுழைத்தார். நுரை நுரையாகக் காற்று வந்தது.

"எப்போ கவுந்துச்சு?" என்று கேட்டாள் டெலேனி.

"கொஞ்ச நேரமாச்சு" என்றார் வெர்லன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஊசியை உருவியதும் மீன் சாய்ந்தது, சரிந்தது, பிறகு எதையோ நினைத்துக்கொண்டது போல நிமிர்ந்தது. அதன் பின் சாயங்காலம் வரை வெர்லன் அரை மணிக்கொரு தரம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "அட விடுங்க, அதுக்குக் கூச்சமா இருக்கும்" என்றாள் மேசி.

கரையில் கூட்டம். பளபளக்கும் படகுகள், பெற்றோர்கள், ஒலிபெருக்கி. தண்ணீர் நிறைந்த பையில் மீன்களைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பை சிந்தியது. டெலேனி ஜாக்கெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "நனைஞ்சிரும். கொஞ்சம் புடிச்சுக்கங்க, மிஸ்டர் வெர்லன்."

ஓரமாகப் போய் நின்றுகொண்டார். கம்பளி இன்னும் சூடாக இருந்தது. பித்தளை மீனைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். நினைத்ததைவிடச் சின்னது; செதில்கூடச் செதுக்கியிருந்தார்கள். எல்லோருடைய கண்ணும் மேடையில் இருந்தது. வெர்லன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு வலது கையை ஜாக்கெட்டின் தோல் கைக்குள் விட்டார். முழங்கை வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. திரும்பவும் வரவில்லை.

ஒலிபெருக்கி ஆறு பவுண்டு இரண்டு அவுன்ஸ் என்றது. பிறகு மொத்த எடை. பிறகு, மூன்றாம் இடம். மேடையில் டெலேனி இரண்டு கையாலும் மீனைத் தூக்கிக் காட்ட, அது வாலை ஓங்கி அவள் முகத்தில் தண்ணீர் அடித்தது. கூட்டம் கைதட்டியது. அவள் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் அவரைத் தேடினாள்.

வெர்லன் கையை உருவப் பார்த்தார். தோல் விடவில்லை. அவள் கண் தன் மேல் விழுவதற்குள், சிக்கிய கையை அப்படியே ஜாக்கெட்டோடு நெஞ்சுக்கு உயர்த்தி, கைதட்டுவது போல, மற்றக் கையால் அந்த வெள்ளைத் தோலின் மேல் பட்பட்டென்று தட்டினார்.