சிவப்புக்குப் பிடி, பச்சைக்கு விடு

என் மச்சானின் மூச்சில் ஒரு குறையும் இல்லை. ஏரிக்கரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் எதிர்க்கரையில் மேய்கிற மாடு தலை நிமிரும். ஆனால் எதிரே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து "சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் போதும், இழுத்த மூச்சு இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். ஊருக்குப் பள்ளிக்கூடம் கேட்டுச் சித்தூருக்குப் போன அன்று, அதிகாரியின் முன்னால் கால் மணி நேரம் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவன் அவன். அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு 'ஊதாத நாயனம்' என்று பெயர்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று விசாரிக்க ஓர் அதிகாரி புத்தூர் பங்களாவுக்கு வருகிறார் என்று தண்டோரா போட்டார்கள். எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து மச்சானுடையது. முதல் கையெழுத்துப் போட்டவன்தான் எழுந்து பேச வேண்டும். எந்த நிலம் யாருடையது, எந்தப் பெண் எந்தத் தாலுக்காவில் வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம் அவனுக்குத்தான் மனப்பாடம்.

"மாமா, இந்தத் தபாவும் வாய் தொறக்கலன்னா நான் ஊருக்குள்ள வர மாட்டேன். அப்பிடியே ரயிலேறிப் பூடுவேன்" என்றான்.

சொன்னால் செய்கிறவன். அவன் அக்கா, அதாவது என் மனைவி, என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கிளம்புவதற்கு எனக்கு முழுக் காரணம் வேண்டியதில்லை, அரைக் காரணமே தாராளம்.

ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. அதற்குள் ஓர் இயற்கை வைத்தியசாலை. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. நீராவி, ஈரமண், தொட்டித் தண்ணீர், மூச்சு, இவ்வளவுதான். மச்சானின் மூச்சுக்கு வழி தேடி அங்கேதான் போய்த் தங்கினோம். நடத்தியவர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு, தெலுங்குக்காரர். இழுப்பு நோயால் அவதிப்பட்டு, எங்கெங்கோ போய் மூச்சுப் பயிற்சி கற்றுத் தன்னைச் சரிசெய்துகொண்டு, பிறகு மற்றவர்களைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். வேலை போனாலும் கை பழைய கைதான். புதிதாக ஒரு விசில் வாங்கி, சிவப்பில் ஒன்று பச்சையில் ஒன்றாக இரண்டு கொடிகள் தைத்து வைத்திருந்தார்.

விடியும் நேரம். மலை நீலமாகப் படுத்திருக்கும். மாம்பூ வாசம் தானாக மூக்கைத் தேடி வரும். நாங்கள் பதினைந்து பேர் கோரைப்பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். விசில் கேட்டால் மூச்சை இழுக்க வேண்டும். சிவப்புக் கொடி தூக்கினால் பிடிக்க வேண்டும். பச்சை அசைந்தால் விட வேண்டும். பச்சை வருகிறவரை உலகமே சிக்னலுக்குக் காத்து நிற்கிற மாதிரி இருக்கும். அப்புறம் பதினைந்து நெஞ்சிலிருந்தும் காற்று ஒன்றாகப் புறப்பட்டுப் போகும். அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எழுந்து உலாவினேன்.

கார்டு கொடியால் என்னைச் சுட்டிச் சொல்வார்: "மீரு பாசஞ்சர் இல்லண்டி. ஷண்டிங் இஞ்சின்!"

நீராவிக்கு மரப்பெட்டிகள் இருந்தன. உள்ளே முக்காலி, மேல்பலகையில் கழுத்தளவுக்கு ஒரு வட்டம். ஆளை உள்ளே உட்காரவைத்து மூடினால் தலை மட்டும் வெளியே, பலகைமேல் வைத்த பூசணிக்காய் மாதிரி. மச்சானுக்கு அடுத்த பெட்டியில் ஒரு தெலுங்குக் குடியானவர், அவர்கள் பாஷையில் ரைத்து. எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவே ஒரு கால்வாய்தான். தூக்கம் வராமல் வைத்தியத்துக்கு வந்தவர். புத்தூர் விசாரணையில், இந்த ஊர்களை ஆந்திரத்தை விட்டு நகர்த்தக் கூடாது என்று பேச அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஆவிக்கு நடுவில் இது வெளியே வந்தது.

"இன்னாய்யா, எங்க கால்வாத் தண்ணியக் குடிச்சிக்கினு மெட்ராசுக்கா போற?" என்றது அவர் தலை.

"உங்க கால்வாயா? வெட்டினது எங்க பாட்டன்!" என்றது மச்சான் தலை.

"வெட்டினது சரி. வரப்ப ஒடச்சது எவுரு?"

"கைய வெளிய எடுய்யா, சொல்றேன்!"

"மொதல்ல நீ எடு!"

இருவரும் அசைய முடியாது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. அதற்குள் கார்டின் விசில். சிவப்புக் கொடி. இரண்டு வாயும் பட்டென்று மூடின. இரண்டு முகமும் தக்காளியாகச் சிவந்து, கன்னம் உப்பி, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே காத்திருந்தன. பச்சை அசைந்தது. 'புஸ்' என்று சேர்ந்தே விட்டார்கள்.

"எங்க வுட்டேன்?" என்றான் மச்சான்.

"வரப்புல" என்று எடுத்துக் கொடுத்தார் ரைத்து.

அங்கே இருந்த இருபது நாளும் இதே கச்சேரி. உப்பில்லாத பீர்க்கங்காயைத் தின்றுகொண்டே சண்டை, வயிற்றில் ஈரமண் அப்பிக்கொண்டே சண்டை. ரைத்து குறட்டைவிட்டுத் தூங்க ஆரம்பித்தார். கடைசி நாள் கார்டு நாற்காலி போட்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்தார். விசில், சிவப்பு, பச்சை. பச்சை விழுந்ததும் மச்சானின் மூச்சோடு பேச்சும் புறப்பட்டது. நிலமும் ஊரும் சம்பந்தமும் தடதடவென்று ஓடி வந்தன. "லைன் கிளியர்!" என்றார் கார்டு. எங்களுக்கு அது போதுமாக இருந்தது. புத்தூரில் கொடி காட்ட யார் இருப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசாரணை நாள். பங்களாக் கூடம் நிறைய ஜனம். அதிகாரி சாந்தமான மனிதர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். மச்சான் முன்னால் போய் மூச்சை ஆழமாக இழுத்தான்.

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னால் யாரோ "ஊதாத நாயனம்" என்று முணுமுணுத்தார்கள். மச்சானின் கண் அதிகாரியைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அங்கே பார்த்தேன். நாற்காலிக்குப் பின்னால் கம்பமாக நிற்கிறான் சேவகன். தோளிலிருந்து இடுப்புவரை, நெஞ்சுக்குக் குறுக்கே, அகலமான சிவப்பு டவாலி.

சிவப்பு! பழகிய உடம்பு பிடித்துக்கொண்டுவிட்டது. பச்சையைப் பார்க்கிறவரை இவன் விடமாட்டான்.

பச்சைக்கு எங்கே போவேன்? என் துண்டு வெள்ளை. வேட்டி வெள்ளை. வேப்பமரம் வாசலில். எழுந்து ஓடப் பார்த்தேன், கூட்டம் விடவில்லை. மச்சானின் முகம் மரப்பெட்டியில் பார்த்த தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது.

முன்வரிசையில் ரைத்து தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். அவர் கன்னமும் உப்பியிருந்தது. மடியில் வெற்றிலைப் பை. கை மெல்ல உள்ளே போயிற்று. நல்ல பெரிய இலையாக ஒன்றைக் காம்போடு எடுத்து, நெஞ்சுக்கு நேரே தூக்கி, இரண்டு தரம் அசைத்தார்.

மச்சான் விட்டான். மேசைமேல் இருந்த காகிதம் பறந்தது. அதிகாரி அதைப் பிடிப்பதற்குள் இவன் மூன்று ஊர் தாண்டியிருந்தான். பேச்சென்றால் அப்படிப்பட்ட பேச்சு. கால்வாய், கல்யாணம், எங்கள் பிள்ளைகள் படிக்கிற எழுத்து, ஒன்றும் மிச்சமில்லை. அவன் முடித்ததும் ரைத்து எழுந்து, அத்தனையையும் ஒவ்வொன்றாக மறுத்தார்.

வேப்பமரத்தடியில் மச்சான் அவரைப் பிடித்துக்கொண்டான். "இன்னாத்துக்குய்யா காட்டின? நான் அப்பிடியே நின்னுக்கினு இருந்தா உனக்குத்தான நல்லது?"

"நல்லதுதா. ஆனா நீ புடிச்சா நானும் புடிச்சிக்கினேனே! நீ வுடல, நான் எப்பிடி வுடறது? அங்கயே செத்துருப்பேன்ய்யா!" என்றவர், அதே இலையில் சுண்ணாம்பு தடவி நீட்டினார். மச்சான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

பிறகு எல்லைக்கோடு விழுந்தது. எங்கள் ஊரும் அவர் ஊரும் ஆந்திரத்திலேயே நின்றன. ஊரில் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் மச்சானை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவனும் ரயிலேறவில்லை. இல்லை, ஏறினான், ரேணிகுண்டாவரைக்கும். கார்டிடம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரைத்தையும் கூட அழைத்துக்கொண்டான். நான் செருப்போடு தயாராக நின்றேன்.

கார்டு சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் முகம் கடுத்தது.

"பச்ச காட்டினது எவுரு? கார்டு இல்லாம எவுரும் பச்ச காட்டக் கூடாது. ரூலு!"

இரண்டு பேருக்கும் மூன்று நாள் பூசணிச்சாறு, இரண்டு வேளை நீராவி என்று தண்டனை போட்டார். பெட்டிகள் மூடின. இரண்டு தலைகள் வெளியே வந்தன. ஆவி கிளம்பியது.

"எங்க வுட்டோம்?" என்றார் ரைத்து.

"வரப்புல" என்றான் மச்சான்.